நிறம் வராத இடம்

வட்டகொடை
12.02.2006

அன்புள்ள அக்காவுக்கு,

சுதா எழுதுகிறேன். இரண்டு வருடமாக எழுதாதவள் இப்போது எழுதினால் ஏதோ கேட்கத்தான் எழுதுகிறாள் என்று நினைப்பாய். அப்படித்தான். கோபத்தோடு படித்தாலும் கடைசி வரை படி.

செல்லசாமி மச்சானைக் கட்ட மாட்டேன் என்று நீ கொழும்புக்குப் போன நாளிலிருந்து உன் பெயரை வீட்டில் சொல்லக்கூடாது என்று அப்பா உத்தரவு போட்டிருக்கிறார். உன் கொழுந்துக் கூடையை நான் எடுத்தேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதைச் சொல்லிக் காட்ட எழுதவில்லை. ஆனால் பேனாவை எடுத்தால் அதுதான் முதலில் வருகிறது.

விஷயம் வேறு. பொங்கலுக்கு முன் பீலித் தண்ணீரில் குளிக்கும்போது சோப்புப் போட்ட கையில் ஒன்று தட்டுப்பட்டது. இடது பக்கம். எந்த இடம் என்று எழுதக் கை வரவில்லை. நீ புரிந்துகொள்வாய். கோலிக்குண்டு அளவு இருக்கும். அழுத்தினால் நழுவுகிறது. வலியில்லை. தேயிலை மிலாறுக் குச்சி குத்தி வீங்கியிருக்கும், தானாகப் போய்விடும் என்று பார்த்தேன். போகவில்லை. தினமும் வேலைக்குப் போகுமுன் தொட்டுப் பார்க்கிறேன். தினமும் இருக்கிறது.

அம்மா இருந்திருந்தால் அம்மாவிடம் சொல்லியிருப்பேன். இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

தோட்டத்து விலாசத்துக்குப் பதில் போடாதே. காலையில் வேலைக்குப் பெயர் பதியப் பெரட்டில் எல்லோரும் நிற்கும்போது பெயரைக் கூப்பிட்டுத்தான் கடிதம் கொடுப்பார்கள். பஜாரில் முத்துலிங்கம் கடை விலாசத்துக்குப் போடு. ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கப் போகும்போது எடுத்துக்கொள்வேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.

சுதர்ஷினி

*

வெள்ளவத்தை
17.02.2006

சுதா,

உன் கடிதத்தை அடுப்படியில் நின்றபடியே படித்தேன். பால் பொங்கி வழிந்துவிட்டது.

கூடையைப் பற்றி எழுதியிருக்கிறாய். அதை எடுத்து உன் தலையில் மாட்டியது நான் இல்லை, அப்பா. நேரில் சண்டை போடுவோம். இப்போது இதைக் கேள்.

கட்டி என்று எழுது. மார்பில் என்று எழுது. எழுதவே கை வராவிட்டால் டாக்டர் முன்னால் வாய் எப்படி வரும்?

நான் வேலை செய்யும் வீட்டு அம்மாவின் பெயர் குணபூசணி. யாழ்ப்பாணத்துக்காரர், வங்கியில் பெரிய உத்தியோகம். போன வருடம் அவருக்கும் இப்படி ஒரு கட்டி வந்தது. ஆஸ்பத்திரிக்கெல்லாம் கூடப் போனவள் நான்தான். உன்னைப் பற்றிச் சொன்னேன். உன் வயதில் வரும் கட்டி பெரும்பாலும் கெட்டதாக இருக்காதாம். ஆனால் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது என்றார்.

நாளைக்கே டிஸ்பென்சரிக்குப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டுச்சீட்டு எழுதி வாங்கு. தாமதிக்காதே.

ஞானேஸ்வரி

*

வட்டகொடை
26.02.2006

அன்புள்ள அக்காவுக்கு,

போனேன். துண்டும் வாங்கினேன். நடந்ததைச் சொன்னால் நீ திட்டுவாய்.

டிஸ்பென்சரி ஜன்னலில் எனக்கு முன்னால் செல்லசாமி மச்சான் கைக்காயத்துக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் நம் லயத்து வீரம்மா அத்தை. நிரையில் என் பக்கத்தில் கொழுந்து எடுப்பவர். உனக்குத்தான் தெரியுமே, மழையானாலும் கொண்டையில் ஒரு பூ இல்லாமல் மலைக்கு வரமாட்டார். கூடைக் கயிறு அழுத்தாமல் பூவை எங்கே செருகுவது என்பது அவருக்கு மட்டும் தெரிந்த வித்தை.

“என்ன பிள்ள, என்ன செய்யுது?” என்று மருந்து கொடுக்கும் ஐயா ஜன்னலுக்குள்ளிருந்து கேட்டார்.

முன்னும் பின்னும் ஆள் நின்றதால் வாயில் வந்ததைச் சொன்னேன்.

“இருமல்ங்க ஐயா.”

“எவ்வளவு நாளா?”

“ரொம்ப நாளாங்க.”

அவர் துண்டு எழுதிக் கொடுத்தார். நுவரெலியாவில் நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். ஒன்றுமில்லை, போ என்றார்கள். அப்பாவுக்குச் சந்தோஷம். “என் மக நெஞ்சு கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்காம்” என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டார்.

மறுநாள் நிரையில் வீரம்மா அத்தை விடவில்லை. “இவ இருமி ஒருநாளும் நான் கேட்டதில்லடி. கள்ள இருமல் இருமிட்டு டவுன் சுத்திப் பார்த்துட்டு வந்திருக்கா. யாரடி பார்த்த அங்க?” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே என் கை கூடைக் கயிற்றை விட்டுவிட்டு அந்த இடத்துக்குப் போனது. போன கையைப் பாதியில் இறக்கிக்கொண்டேன்.

கொஞ்சம் பெரிதாகி இருப்பதுபோலத் தெரிகிறது. தொட்டுத் தொட்டுப் பார்ப்பதால் அப்படித் தெரிகிறதா என்றும் தெரியவில்லை.

சுதர்ஷினி

*

வெள்ளவத்தை
03.03.2006

சுதா,

திட்டிக் கிழித்து ஒரு கடிதம் எழுதினேன். அதை அனுப்பவில்லை. இது இரண்டாவது.

ஐயாவிடம் சொல்ல வெட்கமானால் தோட்டத்து மருத்துவிச்சியிடம் சொல். பிள்ளைக் காம்பராவுக்குக் குழந்தைகளை நிறுக்க வருவாரே, அவர். அந்த அம்மா தமிழ் பேசுவார். பெண்ணுக்குப் பெண். வரிசையும் கிடையாது.

என்ன செய்வார்களோ என்று தெரியாததால்தான் உனக்கு இவ்வளவு பயம். நான் பார்த்ததைச் சொல்கிறேன். முதலில் டாக்டர் கையால் தொட்டுப் பார்ப்பார். பிறகு ஸ்கேனுக்கு அனுப்புவார். அது எக்ஸ்ரே மாதிரி இல்லை. வயிற்றில் பிள்ளையைப் பார்ப்பார்களே, அதே மிஷின். சட்டையும் பாவாடையும் தனித்தனியாகப் போட்டுக்கொண்டு போ. மேலே மட்டும் கழற்றினால் போதும். பவுடர் பூசாதே. பட்டினி கிடக்க வேண்டாம், சாப்பிட்டுவிட்டுப் போகலாம். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம். கேட்டால் யாரும் அடிக்க மாட்டார்கள்.

அறையில் வெளிச்சத்தைக் குறைப்பார்கள். உன்னைப் படம் பிடிக்க இல்லை, திரை தெளிவாகத் தெரிவதற்கு. படுக்க வைத்து இடது கையைத் தலைக்கு மேலே வைக்கச் சொல்வார்கள். பசை மாதிரி ஒன்றைத் தடவுவார்கள். குளிரும். உனக்கென்ன, நீ பீலித் தண்ணீரில் குளிப்பவள். சோப்புக்கட்டி அளவு ஒரு கருவியை மேலே வைத்து மெல்ல நகர்த்துவார்கள். அக்குளிலும் வைப்பார்கள், பயப்படாதே. ஊசி இல்லை, வலி இல்லை.

முதலில் திரை மழைமேகம் மாதிரி சாம்பலாக இருக்கும். பிறகு ஒரு பொத்தானை அழுத்துவார்கள். இரத்தம் ஓடுகிற இடமெல்லாம் சிவப்பும் நீலமுமாகத் தெரியும். சத்தமும் வரும், தண்ணீர் விட்டுவிட்டுப் பாய்கிற மாதிரி. அது உன் இரத்தத்தின் சத்தம்தான். குணபூசணி அம்மாவுடைய கட்டியைச் சுற்றித் திருவிழா மாதிரி நிறம் வந்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. அம்மா இப்போது நன்றாக இருக்கிறார்.

போய்விட்டு வந்து எழுது.

ஞானேஸ்வரி

*

வட்டகொடை
26.03.2006

அக்கா,

எழுத்து கோணல் மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ சொன்னபடி மருத்துவிச்சி அம்மாவிடம் சொன்னேன். திரும்பி நின்றுகொண்டு சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. முதல் நாள் அவரே கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெண் டாக்டர்தான் பார்த்தார். ஸ்கேனுக்கு வேறு நாள் கொடுத்தார்கள். அன்றைக்கு மருத்துவிச்சி அம்மாவுக்கு வேலை இருந்ததால் தனியாகப் போனேன். அப்பாவிடம் இன்னொரு எக்ஸ்ரே என்று பொய் சொன்னேன்.

எல்லாம் நீ எழுதியபடியே நடந்தது. வெளிச்சம் குறைந்தது, கையை மேலே வைத்தேன், பசை குளிர்ந்தது. உன் கடிதத்தை மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததால் ஒவ்வொன்றுக்கும் இது இதுதான், இது இதுதான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே கிடந்தேன். திரையில் என் கட்டி தெரிந்தது. முட்டை மாதிரி, கறுப்பாக. பிறகு டாக்டர் பொத்தானை அழுத்தினார்.

நிறம் வரவில்லை அக்கா.

பக்கத்தில் ஓர் ஓரத்தில் கொஞ்சம் சிவப்பும் நீலமும் மின்னியது, சத்தமும் வந்தது. கட்டியின் மேல் கொண்டுவந்தால் ஒன்றுமில்லை. சத்தமும் நின்றுவிட்டது. டாக்டர் மெதுவாகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். மறுபடியும் கறுப்பு. மறுபடியும் சத்தமில்லை.

கவ்வாத்து வெட்டிய மலையில் கங்காணி என்ன செய்வார் என்று உனக்குத் தெரியும். துளிர்க்காத செடியின் பட்டையை நகத்தால் கீறிப் பார்ப்பார். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் விட்டுவிடுவார். காய்ந்திருந்தால் அதில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுப் போவார். பின்னால் வருகிற ஆட்கள் அதை வேரோடு பிடுங்கி எரிப்பார்கள். எத்தனை செடியை நானே இழுத்துக்கொண்டு போய்ப் போட்டிருக்கிறேன். என் உடம்பில் இரத்தம் ஓடாத ஓர் இடம் இருக்கிறது. அது செத்துவிட்டது. அது என் உள்ளே உட்கார்ந்து மற்றதையும் சாகடிக்கும்.

டாக்டர் பசையைத் துடைத்துவிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். வெள்ளிக்கிழமை, ஊசி என்பது மட்டும் புரிந்தது. போகும்போது என் தோளைத் தட்டிப் பயப்படாதே என்றார். அந்தச் சொல் எனக்குத் தெரியும். பயப்பட ஒன்றுமில்லாத ஆளிடம் யாராவது பயப்படாதே என்று சொல்வார்களா?

சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடி வந்துவிட்டேன். மருத்துவிச்சி அம்மா லயத்துக்கு வந்தால் மிலாறு பொறுக்கப் போய்விடுகிறேன். வெள்ளிக்கிழமை போகவில்லை. இனியும் போகமாட்டேன். செத்த இடத்தில் ஊசி குத்தி என்ன ஆகப் போகிறது.

உன் வீட்டு அம்மாவுக்கு நிறம் வந்தது. அவர் நன்றாக இருக்கிறார்.

சுதா

*

வெள்ளவத்தை
29.03.2006

சுதா,

இதைக் கடையிலேயே, நின்றபடி படி. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கலாம் என்று வைக்காதே.

நான் உன்னிடம் ஒன்றை மறைத்தேன். குணபூசணி அம்மாவுக்கு வந்தது புற்றுநோய். அந்தக் கட்டியைச் சுற்றித்தான் அவ்வளவு நிறம் வந்தது. ஒரு பக்கத்து மார்பை எடுத்துவிட்டார்கள். பிறகு மருந்து ஏற்றினார்கள். தலைமுடி எல்லாம் கொட்டிப்போனது. தலையணை உறையிலிருந்து முடியைப் பொறுக்கியவள் நான்தான். இதையெல்லாம் எழுதினால் நீ ஸ்கேனுக்கே போகமாட்டாய் என்று, அழகாக இருந்தது என்று எழுதினேன். நன்றாக இருக்கிறார் என்பது பொய் இல்லை. ஆனால் இடையில் இருந்ததை விட்டுவிட்டேன்.

உன் கடிதத்தை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன்.

“நீ சொன்ன பொய்யாலதான் அந்தப் பிள்ளை வெருண்டு ஓடியிருக்கு. உண்மையை எழுது. என்ரை மொட்டைத் தலையையும் சேர்த்து எழுது” என்றார்.

அன்றைக்கே தன் டாக்டருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சிவப்பு என்றால் கருவியை நோக்கி வருகிற இரத்தம், நீலம் என்றால் விலகிப் போகிற இரத்தம். அவ்வளவுதான். நல்ல இரத்தம், கெட்ட இரத்தம் என்று இல்லை. வேகமாக வளரும் கெட்ட கட்டி தனக்கென்று நிறைய இரத்தத்தை இழுத்துக்கொள்ளும். உன் வயதில் வரும் சாதுவான கட்டிக்கு அவ்வளவு தேவைப்படாது, அதனால் பல தடவை நிறமே தெரியாது. செத்துப்போனது என்று அர்த்தம் இல்லை. தேயிலைச் செடிக்கு உள்ள கணக்கு இதற்குப் பொருந்தாது.

இன்னொன்றும் சொன்னார். அதையும் மறைக்கவில்லை. நிறம் வராவிட்டால் எல்லாமே நல்லது என்றும் இல்லை, வந்தால் எல்லாமே கெட்டது என்றும் இல்லை. ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பார்த்தால்தான் நிச்சயம். அதற்குத்தான் உன்னை வரச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை போ. எந்த வெள்ளிக்கிழமையானாலும் போ.

அக்கா

*

வட்டகொடை
23.04.2006

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை முத்துலிங்கம் கடை அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து படித்தேன். முதலில் உன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அப்புறம் அழுதேன். கடைக்காரர் பயந்துபோய் எனக்கு ஒரு சோடா உடைத்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை விடுப்புக்குத் துண்டு வேண்டியிருந்தது. திரும்பவும் அந்த ஜன்னல். பின்னால் வரிசை. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“இருமல் விடலியா?” என்றார் ஐயா.

“இருமல் இல்லைங்க ஐயா. மார்புல கட்டி. கண்டிக்குப் போய் ஊசி போட்டுப் பார்க்கணும்.”

ஐயா நிமிர்ந்து பார்க்காமல் துண்டை எழுதினார். அவர் காதும் சிவந்துபோய் இருந்தது. வெட்கம் எனக்கு மட்டும் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஊசி குத்தும்போது வலித்தது, ஆனால் எறும்புக்கடிக்குக் கொஞ்சம்தான் மேல். முடிவு போன வெள்ளிக்கிழமை வந்தது. மருத்துவிச்சி அம்மா பக்கத்தில் நின்று தமிழில் சொன்னார். கெட்ட கட்டி இல்லை. ஆறு மாதம் கழித்து மறுபடியும் ஸ்கேன் பண்ணிப் பார்க்க வேண்டும். பெரிதானால் எடுத்துவிடலாம். இப்போதும் தினமும் தொட்டுப் பார்க்கிறேன். ஆனால் தொட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுகிறேன்.

வரிசையில் சொன்னது அப்பா காதுக்கு அன்றைக்கே போய்விட்டது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தேத்தண்ணி குடிக்கும்போது, “கொழும்புல இருந்து அவ எழுதுறாளா?” என்று கேட்டார். “எழுதுறாப்பா” என்றேன். “ம்” என்றார். மறுநாள் இரண்டு முத்திரை வாங்கிக்கொண்டு வந்து சாமி படத்துக்குக் கீழே வைத்தார். இந்தக் கடிதத்தில் ஒட்டியிருப்பது அதில் ஒன்று.

இன்னொரு விஷயம். வீரம்மா அத்தை என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கேலியும் இல்லை. கட்டி என்றதும் ஒதுங்குகிறார் என்று நினைத்தேன். நேற்றுப் பீலியில் மற்றவர்கள் போகும்வரை துணியை அலசிக்கொண்டே இருந்தார்.

“ஏன்டி, அந்த மிஷினு வலிக்குமா?”

“வலிக்காது அத்தை.”

“சட்டைய கழட்டணுமா?”

“மேல மட்டும்.”

அவர் என் கையைப் பிடித்துத் தன் வலது மார்பின்மேல் வைத்தார். சட்டைக்கு மேலேயே தெரிந்தது. என்னுடையது மாதிரி நழுவவில்லை. கல் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

“ரெண்டு வருஷமா இருக்கு. இந்த வயசுல போயி யாருகிட்டடி சொல்றது” என்றார்.

எனக்காகப் பயந்தது இந்தப் பயத்தின் பாதிகூட இல்லை அக்கா. என்ன செய்ய?

சுதா

*

வெள்ளவத்தை
28.04.2006

சுதா,

மூன்று தடவை படித்தேன். முத்திரையைத் தண்ணீரில் நனைத்துப் பிரித்து எடுத்து வைத்திருக்கிறேன்.

வீரம்மா அத்தையை மருத்துவிச்சியிடம் கூட்டிக்கொண்டு போ. நாளைக்கே. அத்தைக்குச் சிங்களம் வராது, நீயும் கூடப் போ. உனக்கு வருகிற கொஞ்சம் போதும். என்ன நடக்கும் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடு. எல்லாவற்றையும்.

அக்கா

*

வட்டகொடை
21.05.2006

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடி செய்தேன். ஒன்றைத் தவிர.

கண்டிக்குப் போகும் ரயிலில் அத்தைக்கு எல்லாம் சொன்னேன். இருட்டாக்குவது, பசை, அக்குள், சத்தம். சிவப்பும் நீலமும் வரலாம் என்றும் சொன்னேன். வந்தால் என்ன என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்ல வாயைத் திறந்தேன். அத்தை கண்ணாடிச் சில்லு ஒன்றைப் பிடித்துக்கொண்டு கொண்டையில் பூவைச் சரிசெய்துகொண்டிருந்தார். பெரிய டேலியாப் பூ. ஆஸ்பத்திரிக்கு என்று பார்த்துப் பார்த்துப் பறித்தது. வாயை மூடிக்கொண்டேன்.

பேச்சு புரிய ஆள் வேண்டும் என்று என்னையும் உள்ளே விட்டார்கள். எனக்கு ஸ்கேன் பார்த்த அதே டாக்டர். என்னை அடையாளம் கண்டு சிரித்தார். நான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரையில் வந்தது முட்டை மாதிரி இல்லை. ஓரமெல்லாம் பிய்ந்து, வேர் விட்ட மாதிரி இருந்தது. டாக்டர் பொத்தானை அழுத்தினார்.

நீ எழுதிய திருவிழா வந்தது அக்கா. சுற்றிலும் வந்தது. உள்ளேயும் வந்தது. சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

அத்தை தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தார். “அடியே, எவ்வளவு அழகா இருக்கு பாரு. ரத்தம் நல்லா ஓடுது” என்றார். டாக்டர் சிங்களத்தில் வெள்ளிக்கிழமை ஊசிக்கு வரச் சொன்னார். அவர் என்ன சொன்னார் என்று அத்தை என்னைக் கேட்டார். வெள்ளிக்கிழமை ஊசி என்று மட்டும் சொன்னேன். அத்தை என் கையை அழுத்திவிட்டுச் சிரித்தார்.

நீ ஏன் மறைத்தாய் என்று அந்த இருட்டில்தான் எனக்குப் புரிந்தது. உன்மேல் மிச்சமிருந்த கோபம், கூடைக் கோபம் உட்பட, அங்கேயே போய்விட்டது.

திரும்பி வரும்போது அத்தை இரண்டு கடலைச் சுருள் வாங்கினார். ரயிலில் கதை சொல்லிக்கொண்டே வந்தார். நாவலப்பிட்டி தாண்டி மலை ஏறத் தொடங்கியது. லயத்துக்குப் போனால் நிறம் வந்தது நல்லது என்று எல்லோரிடமும் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அப்புறம் வெள்ளிக்கிழமை ஊசிக்கு எதற்குப் போக வேண்டும் என்பார். நான் ஓடிப்போன மாதிரி அவரும் இருந்துவிடுவார்.

“அத்தை, நிறம் வந்தது நல்லதுன்னு இல்ல” என்றேன்.

அவர் கடலையை மெல்லுவதை நிறுத்தினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். குணபூசணி அம்மாவைப் பற்றி, எடுத்ததைப் பற்றி, முடியைப் பற்றி, இப்போது அவர் வங்கிக்குப் போய் வருவதைப் பற்றி. ஊசி போட்டால்தான் நிச்சயம் என்பதையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுரங்கம் வந்து இருட்டாகியது. இருட்டிலும் நிறுத்தாமல் சொன்னேன்.

வெளிச்சம் வந்தபோது அத்தை கொண்டையிலிருந்து பூவை எடுத்து மடியில் வைத்திருந்தார்.

வட்டகொடையில் இறங்கும்போது, “வெள்ளிக்கிழமை கூட வருவியாடி?” என்றார். “இன்னிக்குத் துண்டு வாங்கும்போதே வெள்ளிக்கிழமைக்கும் கேட்டுட்டேன் அத்தை, ரெண்டு பேருக்கும்” என்றேன். “கள்ளி” என்றார்.

வெள்ளிக்கிழமை போகிறோம். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அவருக்கும்தான். ஆனால் நேற்று நிரையில் என்னைக் கூப்பிட்டு, குணபூசணி அம்மாவிடம் ஒன்று கேட்டு எழுதச் சொன்னார். மறக்காமல் கேட்டுப் பதில் போடு.

கொட்டின முடி திரும்ப முளைத்துப் பூ வைக்கிற அளவுக்கு வர எவ்வளவு காலம் ஆகும்?

சுதா